வண்டியிலிருந்து சார்ஜ் எடுக்க எது சரி? சாக்கெட் சார்ஜர், இன்வெர்ட்டர், பவர் ஸ்டேஷன், இரண்டாவது பேட்டரி: ஓர் ஒப்பீடு

"ரெண்டு போன், ஒரு லேப்டாப், ஒரு கேமரா, நாலு நாள் பயணம். இன்வெர்ட்டர் வாங்கலாமா, பவர் ஸ்டேஷன் வாங்கலாமா?" இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. (இங்கே இன்வெர்ட்டர் என்பது வண்டியின் 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி, பவர் ஸ்டேஷன் என்பது கையில் தூக்கிப்போகும் பெரிய பேட்டரிப் பெட்டி.) கேட்பவர்கள் பெரும்பாலும் பொருளில்தான் ஆரம்பிக்கிறார்கள்: எந்த பிராண்ட், எத்தனை வாட், எவ்வளவு வேகம். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் தெரிய வேண்டியது, உங்களுக்குக் கரண்ட் தேவைப்படும் நேரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்குமா, அணைந்திருக்குமா என்பதுதான். இதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

ஏனென்றால் வண்டி ஓடும்போது உங்கள் போனுக்குக் கரண்ட் தருவது பேட்டரி இல்லை, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஆல்டர்னேட்டர். விளக்கு, ஏசி விசிறி, எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக, ஒரு லேப்டாப்பும் நாலு போனும் கார் ஆல்டர்னேட்டருக்கு ஒரு பொருட்டே இல்லை. எஞ்சினை அணைத்ததும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு துளியும் மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பத் தேவையான கையிருப்பிலிருந்து போகிறது.

## பேட்டரியில் கை வைக்கக்கூடியது எவ்வளவு

காரில் இருக்கும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே செய்தது. உள்ளே மெல்லிய தகடுகள் நிறைய அடுக்கியிருக்கும், சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை உடனே ஆல்டர்னேட்டரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். மெதுவாக, ஆழமாக வடிப்பது அதற்கு ஆகவே ஆகாது. அப்படி வடித்து அப்படியே விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும், கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். நாலைந்து முறை முழுசாகக் காலி செய்தாலே அந்த பேட்டரி பழைய நிலைக்குத் திரும்பாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தரக் காரில் 45 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இருக்கிறது என்று வையுங்கள். 12 வோல்ட்டால் பெருக்கினால் 540 வாட்-மணி, உள்ளே இருக்கும் மொத்தச் சேமிப்பு அதுதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 100 வாட்-மணி. எஞ்சின் அணைந்திருக்கும்போது நிம்மதியாக எடுக்கக்கூடியது அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வது நல்லது. பேட்டரி பழசு என்றாலோ கடும் குளிர் என்றாலோ இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். வோல்ட்மீட்டரில் பார்ப்பவர்களுக்கு: சில மணி நேரம் ஓய்வில் இருந்த முழு பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும், 12.4-க்கு இறங்கினால் போதும் என்று நிறுத்திவிட வேண்டும், 12.2 என்றால் பாதி போய்விட்டது, 12-க்குக் கீழே போனால் காலையில் கிளம்புமா என்பது சந்தேகம்தான். எஞ்சின் ஓடும்போது அதே மீட்டர் பெரும்பாலும் 13.8 முதல் 14.4 வரை காட்டும். அப்போது நீங்கள் பார்ப்பது ஆல்டர்னேட்டரின் வோல்ட், பேட்டரியின் நிலை அதில் தெரியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

எஞ்சின் ஓடுமா நிற்குமா என்பதற்கு அடுத்தது, ஒரே நேரத்தில் எத்தனை வாட் வேண்டும், ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை வாட்-மணி வேண்டும் என்ற இரண்டும். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாட் என்பது குழாயின் பருமன், வாட்-மணி என்பது தொட்டியில் இருக்கும் தண்ணீர். 5000 எம்ஏஹெச் போனுக்குள் சுமார் 19 வாட்-மணி இருக்கிறது. சாதாரண லேப்டாப்பில் 50 முதல் 60. கேமரா பேட்டரி ஒன்றுக்கு 14, 15 என்று வைக்கலாம். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்குப் பயன்படுத்தும் சிபாப் கருவி, ஈரப்பதமூட்டி இல்லாமல், 30 முதல் 60 வாட் வரை எடுக்கும். எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் அது 240 வாட்-மணிக்குக் குறையாது, ஆகவே அதை ஸ்டார்ட்டர் பேட்டரியில் மாட்டிவிட்டுத் தூங்கும் பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் வழியில் ஆகும் இழப்பு. வோல்ட்டை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் கரண்ட் வெப்பமாகப் போகும். எத்தனை முறை மாற்றுகிறோம் என்பதில்தான் இந்தத் தேர்வுகளுக்குள் பெரிய வித்தியாசமே இருக்கிறது. பாதுகாப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். வண்டியை விட்டு இறங்கிப் போகும்போது கையில் எடுத்துப்போக வேண்டுமா, வாடகை வண்டியா சொந்த வண்டியா, ஒயரிங்கில் கை வைக்கலாமா என்பதும் சேர்ந்துகொள்ளும்.

## வண்டியோடு வந்த யூஎஸ்பி போர்ட்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பழைய வண்டிகளில் இருக்கும் யூஎஸ்பி போர்ட் பாட்டு கேட்பதற்கும் போனை ஸ்டீரியோவோடு இணைப்பதற்கும் வைத்தது. பெரும்பாலும் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், மிஞ்சினால் ஓர் ஆம்பியர் தரும், அதாவது 2.5 முதல் 5 வாட். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, ஜிபிஎஸ் போட்டு, மொபைல் டேட்டாவும் ஓடினால் போனே அவ்வளவையும், சில நேரம் அதற்கு மேலும் தின்றுவிடும். "சார்ஜ் ஆகிறது என்று காட்டுகிறது, ஆனால் சதவீதம் இறங்கிக்கொண்டே வருகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். போனிலோ கேபிளிலோ கோளாறு இருக்காது.

புது வண்டிகளில் டைப்-சி போர்ட் வருகிறது, சிலவற்றில் 15, 27, 45 வாட் என்று எழுதியும் இருக்கும். அப்படியிருந்தால் போனுக்கு அது தாராளம், வேறு எதுவும் வாங்க வேண்டாம். வண்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டு அடுத்த முடிவுக்குப் போங்கள்.

## சாக்கெட்டில் செருகும் டைப்-சி சார்ஜர்

பெரும்பாலான பயணிகளுக்கு என் பதில் இதுதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும், பவர் டெலிவரி உள்ள நல்ல டைப்-சி சார்ஜர். 12 வோல்ட்டை நேராக 5, 9, 15, 20 வோல்ட் என்று கருவி கேட்பதற்கேற்ப மாற்றிக் கொடுக்கும். ஒரே ஒரு மாற்றம், இழப்பு 10 சதவீதம் அளவுக்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும், வாடகை வண்டிக்கும் எடுத்துப் போகலாம்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். லேப்டாப்புக்கு என்றால் அதில் "20 வோல்ட், 3.25 ஆம்பியர்" என்று ஒரு வரி இருக்க வேண்டும், அதுதான் 65 வாட். 9 வோல்ட்டோடு நின்றுவிடும் 20 வாட் சார்ஜர் போனுக்கு அருமையாக வேலை செய்யும், லேப்டாப்பில் மாட்டினால் பல மாடல்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. "மொத்தம் 120 வாட்" என்று போட்டிருந்தால் அது எல்லா போர்ட்டையும் கூட்டிய கணக்கு, தனித்தனியாக எவ்வளவு என்று பாருங்கள். இரண்டாவது கருவியைச் செருகும்போது பல சார்ஜர்கள் ஒரு கணம் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு வாட்டைப் புதிதாகப் பங்கிடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சில போன் நிறுவனங்களுக்கென்று தனி வேக சார்ஜிங் முறை இருக்கிறது, அந்த போன்கள் சாதாரண பவர் டெலிவரி சார்ஜரில் ஏறும், ஆனால் வீட்டில் ஏறும் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

கேபிளும் செலவில் சேர்த்தி. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சில்லு வைத்த 5 ஆம்பியர் கேபிள் வாங்க வேண்டும். இது இல்லாமல் 100 வாட் சார்ஜர் வாங்கினால் 60-ல் நின்றுகொள்ளும், காரணமும் தெரியாது.

இதன் பலவீனம் சாக்கெட்தான். அந்த ஓட்டை முதலில் சில நொடிகள் கம்பிச்சுருளைச் சூடாக்கிப் பற்றவைப்பதற்காக வந்தது, மணிக்கணக்கில் கரண்ட் கடத்துவதற்காக வரவில்லை. நடுவில் ஒரு ஸ்பிரிங் முனை, பக்கவாட்டில் இரண்டு தகட்டுக் காதுகள், அவ்வளவுதான் பிடிப்பு. மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி அது தளர்கிறது. தளர்ந்த முனையில் 0.1 ஓம் எதிர்ப்பு வந்து, அதன் வழியாக 8 ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 6.4 வாட் வெப்பமாகும். முனை கறுப்பதும் பிளாஸ்டிக் இளகுவதும் இப்படித்தான். சார்ஜர் உள்ளே ஆடினால் அதை அதிக வாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

சாக்கெட்டுக்கு 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் பெரும்பாலும் இருக்கும், சில வண்டிகளில் 20. 100 வாட் சார்ஜர் முழுசாக ஓடும்போது 8, 9 ஆம்பியர் எடுக்கிறது, ஆகவே 10 ஆம்பியர் ஃபியூஸில் அதற்கு மேல் இடமே இல்லை. சாக்கெட்டைப் பல வாய் ஆக்கும் இணைப்பான்கள் ஃபியூஸின் அளவைக் கூட்டித் தருவதில்லை என்பதையும் மறக்காதீர்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாக மாற்றுவது மட்டும் கூடவே கூடாது. ஃபியூஸ் காப்பாற்றுவது உங்கள் சார்ஜரை இல்லை, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் மெல்லிய ஒயரை. ஃபியூஸைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது அந்த ஒயர்.

இது சரிப்படாத இடங்கள்: உருண்டை முள் வைத்த பழைய லேப்டாப் (அதற்கென்று 12 வோல்ட் கார் அடாப்டர் தனியாகக் கிடைக்கும், இன்வெர்ட்டரை விட அதுவே மேல்), 180 வாட்டுக்கு மேல் கேட்கும் கேமிங் லேப்டாப், இரவு முழுதும் ஓடவேண்டிய எதுவும்.

## இன்வெர்ட்டர்

இன்வெர்ட்டர் மேல் எல்லோருக்கும் ஓர் ஈர்ப்பு இருக்கிறது, புரிந்துகொள்ளக் கூடியதுதான். வீட்டில் இருக்கும் அதே பிளக்கை அப்படியே செருகலாம், எந்தக் கருவிக்கு எந்த வோல்ட் என்று யோசிக்க வேண்டாம். ஆனால் உள்ளே நடப்பதைப் பாருங்கள். 12 வோல்ட் டிசியை (பேட்டரி தரும் நேர் மின்சாரம்) 230 அல்லது 110 வோல்ட் ஏசியாக (வீட்டு பிளக்கில் வரும் மாறுதிசை மின்சாரம்) ஏற்றுகிறோம், அதை உங்கள் லேப்டாப் அடாப்டர் மறுபடியும் 20 வோல்ட் டிசியாக இறக்குகிறது. ஒரே பக்கத்து அறைக்குப் போக மாடி ஏறி இறங்குகிறோம், இரண்டு தடவையும் இழப்பு.

60 வாட்-மணி லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். டைப்-சி சார்ஜர் வழியாக என்றால் வண்டியிலிருந்து சுமார் 67 வாட்-மணி போகும். இன்வெர்ட்டர் 85 சதவீதம், அடாப்டர் 88 சதவீதம் என்று வைத்தால் 80 போகிறது. அதோடு, இன்வெர்ட்டர் எதையும் செருகாமல் சும்மா ஆன் ஆகியிருப்பதற்கே 5 முதல் 10 வாட் தின்னும், இரண்டு மணி நேரம் ஓடினால் அந்த வகையில் இன்னொரு 15 வாட்-மணி. ஆக 67-க்குப் பதில் 95. எஞ்சின் ஓடும்போது இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எஞ்சின் அணைந்திருந்தால், நாம் மேலே போட்ட 100 வாட்-மணி வரம்பு ஒரே லேப்டாப்பில் தீர்ந்துவிட்டது. இரவில் இன்வெர்ட்டரை அணைக்க மறந்து தூங்கினால், ஒரு கருவியும் மாட்டாமலேயே எட்டு மணி நேரத்தில் 60 வாட்-மணி போயிருக்கும்.

"பேட்டரி இறங்கினால் இன்வெர்ட்டரே கட் ஆகிவிடும்" என்று நம்பி விடுபவர்கள் கவனிக்க வேண்டும். பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் அருகில்தான் கட் ஆகும். அதற்குள் ஸ்டார்ட்டர் பேட்டரி எப்போதோ காலி. அந்தப் பாதுகாப்பு இன்வெர்ட்டருக்கு உதவும், காலையில் வண்டி கிளம்புவதற்கு உதவாது.

அடுத்தது அலை வடிவம். மலிவானவை தருவது படிக்கட்டு மாதிரி வெட்டிய ஏசி, விலை கூடியவை தருவது சுத்தமான சைன் அலை, வீட்டு மின்சாரம் மாதிரி சீராக வளைந்து வருவது. போன், லேப்டாப் அடாப்டர்கள் இரண்டிலும் வேலை செய்யும், வெட்டிய அலையில் கொஞ்சம் இரையும், கொஞ்சம் கூடுதலாகச் சுடும். மோட்டார் உள்ளவை, மருத்துவக் கருவிகள், சில பேட்டரி சார்ஜர்கள் இவற்றுக்குச் சுத்தமான சைன் அலைதான் வேண்டும். அப்புறம் வாட். சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் அதன் வழியாக 120, 150 வாட் இன்வெர்ட்டர் வரை சரி. 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 57 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதைச் சாக்கெட் தாங்காது, பேட்டரி முனையிலிருந்தே தடித்த ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்துத்தான் இணைக்க வேண்டும். அந்த வேலைக்கான செலவை இன்வெர்ட்டர் விலையோடு சேர்த்துப் பாருங்கள். வெளியே வரும் 230 வோல்ட் வீட்டில் அடிக்கும் ஷாக்கை அப்படியே அடிக்கும், குழந்தைகள் பின்சீட்டில் இருந்தால் அதை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது.

எப்போது இன்வெர்ட்டர்தான் சரி? டிசியில் சார்ஜ் ஆகாத கருவி ஒன்று கட்டாயம் வேண்டும், அது எஞ்சின் ஓடும்போது மட்டும் வேண்டும் என்றால். சில ட்ரோன் சார்ஜர்கள், சில ஒளிப்பதிவுக் கருவிகளின் சார்ஜர்கள், கேமிங் லேப்டாப். மற்றபடி போனுக்கும் லேப்டாப்புக்கும் இன்வெர்ட்டர் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

## பவர் பேங்க், பவர் ஸ்டேஷன்

இந்த வழியில் தத்துவமே வேறு. வண்டி ஓடும்போது இதை நிரப்பிக்கொள்கிறோம், நின்றபிறகு இதிலிருந்து எடுக்கிறோம், ஸ்டார்ட்டர் பேட்டரி பக்கமே போவதில்லை. எஞ்சின் அணைந்த நேரத்துக்கு, ஒயரிங்கில் கை வைக்காமல், இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்றால் உள்ளே 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. வெளியே வருவது 60 முதல் 65. 5000 எம்ஏஹெச் போனை மூன்று தடவைக்குக் கொஞ்சம் குறைவாக நிரப்பும், நாலு தடவை இல்லை. ஒன்றிரண்டு பேர் பயணத்துக்கு இதுவும் மேலே சொன்ன சாக்கெட் சார்ஜரும் போதும், வேறு எதுவுமே தேவையில்லை. விமானத்தில் போய் இறங்கி வாடகை வண்டி எடுப்பவர்களுக்கும் இதுதான் வழி: 100 வாட்-மணி வரையுள்ளதைக் கைப்பையில் கொண்டுபோகலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. பவர் ஸ்டேஷன்கள் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும்.

பவர் ஸ்டேஷனில் கவனிக்க வேண்டியது நிரம்பும் வேகம். சாக்கெட் வழியாகப் பெரும்பாலானவை 100 வாட் சுற்றளவில்தான் ஏறும். 250 வாட்-மணிப் பெட்டி மூன்று மணி நேர ஓட்டத்தில் நிரம்பும், நல்லது. 1000 வாட்-மணிப் பெட்டிக்கு நாள் முழுக்க ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுபவர் பெரிய பெட்டி வாங்கினாலும் அதில் 100 வாட்-மணிதான் சேரும்.

உள்ளே என்ன செல் என்று பாருங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் எடை கூடும், ஆனால் 2000 சுற்றுகளுக்கு மேல் தாங்கும் (ஒருமுறை நிரப்பிக் காலி செய்வது ஒரு சுற்று), வெப்பத்தில் தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகை இலேசானது, ஆனால் ஆயுள் அதைவிட நன்றாகக் குறைவு. எதுவானாலும் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் 60 டிகிரியை எட்டிவிடும், லித்தியம் செல்களுக்கு 45-க்கு மேலேயே கேடு. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவதும் அதே அளவு கெடுதல்.

எஞ்சின் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டரில் யூஎஸ்பியும் இருக்கிறதே, இரண்டுக்கும் ஒன்றே போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போனுக்கெல்லாம் எடுத்துவிட்டால், உண்மையில் வண்டி படுத்துவிட்ட காலையில் அது காலியாக இருக்கும். அவசரத்துக்கென்று வைத்ததை அவசரத்துக்கே வையுங்கள்.

## இரண்டாவது பேட்டரி

வண்டியிலேயே தங்கி, நாட்கணக்கில் சுற்றுபவர்களுக்கானது. ஆழமாக வடிப்பதற்கென்றே செய்த தனி பேட்டரி ஒன்றைப் பொருத்தி, ஆல்டர்னேட்டரிலிருந்து அதையும் சார்ஜ் செய்வது. லெட்-ஆசிட் என்றால் பாதி வரை எடுக்கலாம், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80, 90 சதவீதம் வரை. அதாவது லித்தியத்தில் 100 ஏஹெச் என்றால் கையில் 1000 வாட்-மணிக்கு மேல்.

இரண்டு பேட்டரியையும் நேரடியாகச் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது, சேர்த்தால் இரண்டும் சேர்ந்தே காலியாகும். நடுவில் வோல்ட் பார்த்துத் தானாக இணைத்துத் துண்டிக்கும் ரிலே என்ற சுவிட்ச் வேண்டும், அல்லது ஆல்டர்னேட்டரின் வோல்ட்டை இரண்டாவது பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர். ரிலே மலிவு. ஆனால் பல புது வண்டிகளில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குகிறது, சீராக ஓடும்போது 13-க்குக் கீழே இறக்கிவிடும், ரிலே அதைப் பார்த்து எஞ்சின் அணைந்துவிட்டது என்று துண்டித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட வண்டிக்கும், லித்தியம் பேட்டரிக்கும், டிசி-டிசி சார்ஜர்தான். 30 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேர ஓட்டத்தில் 350 வாட்-மணிக்கு மேல் ஏற்றிவிடும். பவர் ஸ்டேஷன் சாக்கெட்டில் எடுக்கும் 100-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நீண்ட நாள் சுற்றுபவர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது விளங்கும்.

மறைந்திருக்கும் செலவு ஒயரில் இருக்கிறது. முன்னால் எஞ்சின் அறையிலிருந்து பின்னால் வரை 5 மீட்டர், போய்வர 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 30 ஆம்பியர் அனுப்பினால் வழியிலேயே 2 வோல்ட் தொலைந்துவிடும், ஒயரும் சூடாகும். 16 சதுர மில்லிமீட்டரில் அதே கரண்டுக்கு இழப்பு 0.3 வோல்ட்தான். தடித்த செம்பு ஒயர், இரண்டு பேட்டரி முனைக்கும் அருகில் ஒவ்வொரு ஃபியூஸ், அசையாமல் பிடிக்கும் சட்டம், தெரிந்தவரின் கூலி, இவையெல்லாம் சேர்ந்தால் பேட்டரியின் விலைக்கு இணையாக வந்து நிற்கும். புது வண்டி என்றால் வாரண்டி தகராறும் வரலாம். வருடத்துக்கு ஒருமுறை பயணம் போகிறவருக்கு இது வேண்டவே வேண்டாம். சின்ன ஃபிரிட்ஜ், சிபாப், தினமும் எட்டு மணி நேர லேப்டாப் வேலை என்று வாழ்பவருக்கு இதற்கு மாற்று இல்லை.

| | எஞ்சின் அணைந்தபின் | சாக்கெட்டில் எவ்வளவு வாட் | வெளியே தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| டைப்-சி சார்ஜர் | கொஞ்ச நேரம் மட்டும் | 100 வரை | 5 ஆம்பியர் கேபிள், தளர்ந்த சாக்கெட் | தினமும் ஓட்டுபவர், வாடகை வண்டி |
| இன்வெர்ட்டர் | வேண்டாம் | 150 வரை, மேலே பேட்டரியிலிருந்து நேராக | சும்மா இருக்கும்போது தின்பது, தடித்த ஒயர் | ஏசி கட்டாயம் வேண்டிய கருவி உள்ளவர் |
| பவர் பேங்க் | தாராளமாக, சின்னக் கருவிகளுக்கு | சார்ஜரைப் பொறுத்தது | எழுதிய கொள்ளளவு முழுசாக வராது | கிட்டத்தட்ட எல்லோருக்கும் |
| பவர் ஸ்டேஷன் | தாராளமாக | 100 சுற்றளவில் ஏறும் | எடை, வெயிலில் விட முடியாது | முகாமிடுபவர், ஒயரிங் தொடாதவர் |
| இரண்டாவது பேட்டரி | நாட்கணக்கில் | சாக்கெட் தேவையில்லை | ஒயர், ஃபியூஸ், கூலி | வண்டியிலேயே தங்குபவர் |

## எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றலாமா

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுத்திய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்றுவது எரிபொருளுக்கு நஷ்டம் என்பது சின்ன விஷயம். மூடிய ஷெட்டிலோ, பனி மூடிய இடத்திலோ, உள்ளே தூங்கிக்கொண்டோ இதைச் செய்தால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. இரவுத் தேவைக்குத் தனி பேட்டரி வேண்டும், பவர் ஸ்டேஷனோ இரண்டாவது பேட்டரியோ, எஞ்சின் கிடையாது.

## வண்டி காராக இல்லாவிட்டால்

பைக்கில் கணக்கு இறுக்கமானது. 7 ஏஹெச் பேட்டரி என்றால் 84 வாட்-மணி, அதில் ஐந்தில் ஒரு பங்கு 17. ஒரு போனுக்குக் கூடக் காணாது. எனவே எஞ்சின் ஓடும்போது மட்டும் சார்ஜ் என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். சாவியை அணைத்தால் சார்ஜரும் அணையும்படி ரிலே வழியாக இணைப்பது நல்லது, நேராக பேட்டரியில் கொடுத்தால் சும்மா இருக்கும்போது சார்ஜர் எடுக்கும் சில மில்லிஆம்பியரே இரண்டு மூன்று வாரம் நிறுத்திய பைக்கைப் படுக்க வைத்துவிடும். ஹேண்டில்பாரில் போனை மாட்டுபவர்களுக்கு இன்னொன்று: சக்திவாய்ந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் பகுதியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது, அதிர்வு தாங்கும் மவுண்ட் இல்லாமல் மாட்டாதீர்கள். மழையில் போர்ட் நனைந்திருந்தால் காயும் வரை கேபிள் செருக வேண்டாம். பைக்கில் என் தேர்வு, மேல்சட்டைப் பையில் பவர் பேங்க், ஓடும்போது அதற்குச் சார்ஜ்.

பெரும்பாலான லாரி, பஸ் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்தது. 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த பொருளை அதில் செருகினால் அந்த நொடியே முடிந்தது. "12–24" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுப்பது பலர் செய்வதுதான், ஆனால் அந்த ஒன்று எப்போதும் குறைவாகவும் மற்றது எப்போதும் கூடுதலாகவும் சார்ஜ் ஆகி இரண்டுமே கெடும். 24-ஐ 12 ஆக்கும் மாற்றியை வாங்கிவிடுங்கள்.

மின்சாரக் காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, சாக்கெட் அதில்தான் இருக்கும். கார் ஓட்டத் தயாரான நிலையில் இருக்கும்போது பெரிய பேட்டரி அதை நிரப்பிக்கொண்டே இருக்கும், அப்போது கவலையே இல்லை. முழுசாக அணைத்துவிட்டால் பல கார்களில் அந்தச் சின்ன பேட்டரி மட்டும்தான் துணை. அது காலியானால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கண் திறக்காது. ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்றவற்றில் காரிலிருந்தே வீட்டு மின்சாரம் மாதிரி 3.6 கிலோவாட் வரை எடுக்கும் வசதி இருக்கிறது. அது உங்கள் காரில் இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

## கிளம்புவதற்கு முன்னால்

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சாக்கெட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் சாவியோடு சேர்ந்து அணையும், சிலவற்றில் எப்போதும் இருக்கும். எப்போதும் இருக்கும் வண்டியில் இறங்கும்போது எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். நிறுத்தியபின்னும் பதிவு செய்யும் டேஷ் கேம் 3 முதல் 5 வாட் எடுக்கிறது என்று வைத்தால் ஒரே நாளில் 72 முதல் 120 வாட்-மணி. நம் வரம்பு அங்கேயே முடிந்தது. அதற்கு 12.2 அல்லது 12.4 வோல்ட்டில் துண்டிக்கும்படி வைக்கக்கூடிய இணைப்பு கிட் போடுங்கள்.

பிறகு, பயணத்தில் செருகப்போகும் அத்தனையையும் ஒரே நேரத்தில் செருகி, எஞ்சினை ஓட்டத்தில் வைத்து ஒரு மணி நேரம் ஊருக்குள்ளேயே சுற்றி வாருங்கள். நிறுத்திவிட்டுச் சார்ஜரைப் பிடுங்கி அதன் முனை எவ்வளவு சுடுகிறது என்று பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், முனை கறுத்திருந்தால், பிளாஸ்டிக் வாசனை வந்தால் சாக்கெட்டை மாற்றுங்கள், இல்லையென்றால் அந்தச் சாக்கெட்டில் போன் மட்டும் போட்டுக்கொண்டு லேப்டாப்பை பவர் ஸ்டேஷனுக்கு மாற்றிவிடுங்கள்.